செத்த விண்மீன்களைச் சுற்றும் கோள்கள்: போஸ்ட்டொக் (கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தின ஆய்வுப் பதவி) விண்ணப்பத்துக்கு எப்பிடித் தயாராகிறது?

கொக்குவில்_வானம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை ஊரில இருந்து எழுதிக்கொண்டிருக்கிறன். வாய்மொழித் தேர்வு வாற மார்ச்சில. ஆய்வு முழுக்க கோள் தேடுற டெஸ் செய்மதியின்ர தரவில சூடான வியாழன்கள் (விண்மீனுக்குக் கிட்டச் சுற்றுற பெரிய வாயுக் கோள்கள்) விண்மீனைக் கடக்கிறதைப் பற்றினது. இதுக்குப் பிறகு வெண்குறுமீன்களை (சூரியன் மாதிரியான விண்மீன் செத்த பிறகு மிஞ்சிற கருவை)ச் சுற்றியிருக்கிற கோள் தொகுதிகளில வேலை செய்ய விருப்பம். மேற்பார்வையாளருக்கு அந்தத் துறையில ஆக்களைத் தெரியாது.

இப்ப ஓகஸ்ட். எந்தப் பதவிக்கு எப்ப போடவேணும்? வெண்குறுமீனில ஒரு கட்டுரையும் இல்லாதவர் எடுபடுவாரோ? வீட்டு இணையத்தோட மூண்டு மாசத்துக்குள்ள காட்டக்கூடிய வேலை ஏதும் இருக்கோ? யாழ்ப்பாணத்தில இருந்து செய்யவேண்டிய கடதாசி வேலையையும் ஆராவது சொன்னால் நல்லம்.

வடமராட்சி_வால்வெள்ளி:

பதவி ரெண்டு வகை. ஒருத்தர் ஏற்கனவே காசு எடுத்த திட்டத்துக்கு ஆள் தேடுறது ஒண்டு. உங்கட சொந்தத் திட்டத்தோட போற பெலோஷிப் மற்றது. துறை மாறுறவருக்கு முதலாவதுதான் கூடச் சரிவரும். திட்டம் அவையளிட்ட இருக்கும், உங்களிட்டத் தேடுறது கைவேலை. ரெண்டாவதில திட்டத்தையும் நீங்கள்தான் நிறுவவேணும்.

விளம்பரங்களில கூடுதலானவை அமெரிக்க வானியல் சங்கத்தின்ர வேலைப் பதிவேட்டில, செப்டெம்பர் தொடக்கம் டிசம்பர் வரைக்கும் வரும். பிரித்தானியப் பதவிகளை ஜொப்ஸ் டொட் ஏசி டொட் யூகே தளத்திலயும் பாருங்கோ. “வெண்குறுமீன்” எண்டு மட்டும் தேடினால் பாதி தப்பிப் போகும். புறக்கோள்களின்ர வேதி அமைப்பு, சிதைவுத் தட்டு, நிறமாலை அளவாய்வு எண்ட தலைப்புகளுக்குக் கீழயும் இதே வேலை வரும். டெசி, எஸ்டிஎஸ்எஸ் ஐந்து, வீவ், ஃபோர்மோஸ்ட் எண்ட அளவாய்வுகளில வெண்குறுமீன் பிரிவு இருக்கிறதால அங்கயும் ஆள் எடுப்பினம். வோரிக், கேம்பிரிட்ஜ், லண்டன் யூசிஎல், மொன்றியல், லொஸ் ஏஞ்சலஸ் யூசிஎல்ஏ ஆகிய இடங்களில இந்த ஆய்வு நீண்ட காலமா நடக்குது. அவையின்ர குழுப் பக்கங்களைக் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கோ.

பெலோஷிப்பில திகதி முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின்ர மரி கியூரி பெலோஷிப் செப்டெம்பர் ரெண்டாம் கிழமையில முடியும். ஆனால் முடிவுத் திகதிக்கு முதல் பட்டம் கையில இருக்கவேணும். உங்கட தேர்வு மார்ச்சில எண்டபடியால் இந்த வருசம் அது சரிவராது, மினக்கெடாதேங்கோ. அடுத்த வருசத்துக்கு எண்டால் மே மாசமே ஏற்கிற ஆளோட சேர்ந்து எழுதத் தொடங்கவேணும். போக நினைக்கிற நாட்டில கடைசி 36 மாசத்தில 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது எண்ட விதியும் இருக்கு. கலாநிதிப் பட்டம் செய்த நாட்டுக்கே போட்டு விழுந்த ஆக்கள் கனபேர்.

ஐரோப்பியத் தென் வானாய்வகத்தின்ர பெலோஷிப் வழமையா ஒக்டோபர் 15. சிலியை எடுத்தால் அங்க பரணல் வானாய்வகத்தில இரவுப் பணியும் சேர்ந்துதான் வரும். வெண்குறுமீனுக்கு எக்ஸ்-ஷூட்டர் நிறமாலைக் கருவியைக் கையாளப் பழகிறதுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. 51 பெகாசி பி பெலோஷிப் ஒக்டோபரில, கோள் வானியலுக்கெண்டே இருக்கிறது. நாசாவின்ர ஹபிள் பெலோஷிப் நவம்பர் தொடக்கத்தில. ரெண்டுக்கும் எந்த நாட்டவரும் போடலாம், வேலை செய்யிற இடம் அமெரிக்காவில. இந்த வருச அறிவித்தலைத் திறந்து தகுதியையும் திகதியையும் ஒருக்காச் சரிபாருங்கோ, வருசத்துக்கு வருசம் மாறும். ஜேர்மனியின்ர ஹம்போல்ட் பெலோஷிப்புக்கு வழமையா முடிவுத் திகதி இல்லை, இப்ப எப்பிடி எண்டு அவையின்ர தளத்தில பாருங்கோ.

எந்த இடமும் பெப்ரவரி 15க்கு முதல் பதில் சொல்லு எண்டு உங்களை நெருக்கக் கூடாது எண்டது துறையில உள்ள பொது உடன்பாடு. ஐரோப்பாவில எல்லாரும் அதைக் கடைப்பிடிக்க மாட்டினம். நெருக்கினால் மரியாதையா அந்தத் திகதியைச் சொல்லிக் கேளுங்கோ.

பரிந்துரைக் கடிதம் மூண்டு வேணும். ஒருத்தராவது உங்கட பல்கலைக்கழகத்துக்கு வெளியில உள்ளவரா இருக்கட்டும். எழுதிறவைக்கு நாலு கிழமை குடுங்கோ. சில தளங்கள் நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பிச்ச பிறகுதான் கடிதம் கேட்டு அவைக்கு மின்னஞ்சல் போடும். கடைசி நாள் இரவு சமர்ப்பிச்சால் கடிதம் எழுத அவைக்கு நேரமே இராது. ஒரு கிழமை முன்னமே போட்டிடுங்கோ.

பல்சரை (வேகமாச் சுழலுற நியூத்திரன் விண்மீனை)ச் சுற்றின கோள்களும் செத்த விண்மீன் கணக்குத்தான். 1992இல வோல்சானும் ஃபிரெய்லும் பிஎஸ்ஆர் பி1257+12ஐச் சுற்றிக் கண்டதுதான் சூரியக் குடும்பத்துக்கு வெளியில உறுதியான முதல் கோள்கள். ஆனால் அப்பிடிப்பட்டவை இண்டைக்கும் மிகக் கொஞ்சம், அதை மட்டும் நம்பி ஒரு விண்ணப்பத்தைக் கட்ட ஏலாது. வெண்குறுமீன் பக்கமே நில்லுங்கோ.

தொண்டைமானாறு_உவர்:

மேலே அண்ணை திகதிகளைச் சொல்லிவிட்டார். ஆய்வுத் திட்டத்தில் என்ன எழுதுவது என்பதைச் சொல்கிறேன். துறைக்குப் புதியவர்களின் விண்ணப்பங்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

“வெண்குறுமீன்களில் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை பாறைப் பொருளால் மாசுபட்டவை, ஆகவே இது முக்கியமான துறை” என்று தொடங்கும் பந்தியைத் தேர்வுக் குழு நூறு தடவை வாசித்திருக்கும். எந்த எண்ணை அளக்கப் போகிறீர்கள், அந்த எண் எந்தக் கேள்வியைத் தீர்க்கும் என்பது முதல் பந்தியிலேயே வரவேண்டும்.

உங்கள் கைவேலை கடப்பு, அதாவது கோள் விண்மீனுக்கு முன்னால் போய் அதன் ஒளியை மறைப்பது. அதை அப்படியே கொண்டுவரலாம், ஆனால் சூடான வியாழனுக்கு எழுதிய நிரலை வெண்குறுமீனில் ஓட்டினால் கோளையே அழித்துவிடும். டபிள்யூடி 1856 பி என்ற கோள், 2020இல் வாண்டர்பர்க் குழுவினர் அறிவித்தது, 1.4 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. கடப்பு 8 நிமிடம்தான், ஒளியில் பாதிக்கு மேல் மறைகிறது. 30 நிமிடத் தரவில் அது ஒரு புள்ளிக்குள் கரைந்து ஆழம் குறைந்துவிடும். 2 நிமிடத் தரவில் நாலைந்து புள்ளிகள் பாதாளத்துக்கு விழும். உங்கள் நிரலில் இருக்கும் சிக்மா வெட்டு அவற்றைப் பிழையான புள்ளிகள் என்று தூக்கி எறியும். ஆகவே கீழ்ப்பக்க வெட்டை நிறுத்துங்கள், மேல்பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். பெட்டித் தேடலில் (பெட்டி வடிவ ஒளிக்குறைவு திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடும் முறை) கடப்பு நேர வரிசை மணிக்கணக்கில் இருந்தால் 1 முதல் 15 நிமிடத்துக்கு இறக்குங்கள். சுற்றுக்காலத்தின் கீழெல்லை அரைநாள் என்றிருந்தால் 2 மணிக்குக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவு செய்தாலும் டபிள்யூடி 1145+017 போன்றவை தப்பும். 2015இல் கண்ட அந்தச் சிதையும் சிறுகோள் ஏறத்தாழ 4.5 மணிக்கு ஒருமுறை சுற்றுகிறது, ஆனால் கடப்பின் வடிவமும் ஆழமும் இரவுக்கு இரவு மாறும். பெட்டித் தேடல் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிக்கொண்டு தேடுவது, ஆகவே அங்கே அதற்கு வேலை இல்லை. மற்றது, டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி 21 வில்விநாடி. வெண்குறுமீன் மங்கல், பக்கத்தில் 12ஆம் ஒளிப்பருமன் விண்மீன் ஒன்று இருந்தால் உங்கள் கடப்பு அதன் ஒளியில் மூழ்கிப் போகும். கையா செய்மதியின் அட்டவணையில் அயல் விண்மீன்களைப் பார்த்து ஒளிக்கலப்பைக் கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது வழி நிறமாலை. சிதைந்த கோளின் துண்டுகள் வெண்குறுமீனில் விழுந்தால் அவற்றின் தனிமங்கள் அதன் நிறமாலையில் தெரியும். கேள்வி வளமானது இங்கேதான் என்பது என் எண்ணம். வேறு எந்த முறையாலும் ஒரு கோளின் உட்பொருளை இப்படித் தனிமம் தனிமமாக எண்ண முடியாது. வான் மானன் விண்மீன் என்ற வெண்குறுமீனின் நிறமாலை 1917இல் எடுக்கப்பட்டது, கல்சியம் அதில் தெளிவாக இருந்தது. அது ஒரு கோள் தொகுதியின் எச்சம் என்று விளங்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு எடுத்தது. (யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் அது ஒக்டோபர், நவம்பர் இரவுகளில் தலைக்கு மேலே மீன ராசியில் நிற்கும். 1987இல் அகச்சிவப்பு மிகை (சுற்றியுள்ள தூசியின் கூடுதல் வெப்ப ஒளி) கண்ட ஜி29-38உம் அதே ராசிதான். எட்டு அங்குலத் தொலைகாட்டி போதும்.)

அங்கே எது பிழைக்கும் என்று தெரிந்தவராக எழுதுங்கள். வெண்குறுமீனின் ஈர்ப்பில் பாரமான தனிமங்கள் அமிழும். சூடான ஐதரசன் வளிமண்டலத்தில் நாட்கள் முதல் ஆண்டுகள், குளிர்ந்த ஈலிய வளிமண்டலத்தில் பத்து இலட்சம் ஆண்டு அளவு. ஐதரசன் வகையில் பொருள் இப்போதும் விழுந்துகொண்டிருக்கிறது என்று எடுக்கலாம். விழும் வீதம் என்பது மேற்காவுகை வலயத்தில் (கலங்கிக்கொண்டிருக்கும் மேற்படையில்) உள்ள தனிமத் திணிவை அமிழும் காலத்தால் வகுத்தால் வருவது, வழமையாக விநாடிக்கு 10 கோடி கிராம் அளவில் வரும். ஈலிய வகையில் பொருள் விழுவது நின்று நீண்ட காலமாகியிருக்கலாம். இரும்பு மகனீசியத்தைவிட விரைவாக அமிழும். இறங்குநிலையிலுள்ள (பொருள் விழுவது நின்ற) விண்மீனை உறுதிநிலை (விழுவதும் அமிழ்வதும் சமன்) என்று எடுத்தால் மகனீசியம் கூடித் தெரியும், நீங்கள் “கோளின் மூடகத் (மேலோட்டுக்கும் கருவுக்கும் இடைப்பட்ட படை) துண்டு விழுந்தது” என்று எழுதிவிடுவீர்கள். நடந்தது வெறும் அமிழ்வு. ஏறுநிலை, உறுதிநிலை, இறங்குநிலை என்ற மூன்று நிலைக்கும் கணக்கிட்டுக் காட்டாத விகிதத்தை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார்.

நீர் இருந்ததா என்ற கேள்விக்கும் இதே பொறி உண்டு. மகனீசியம், சிலிக்கன், இரும்பு, கல்சியம், அலுமினியம் எல்லாவற்றுக்கும் உரிய ஒட்சிசனை ஒட்சைட்டாகக் கழித்து மிஞ்சுவதை நீர் என்பார்கள். இரும்பு உலோகமாக இருந்ததா ஒட்சைட்டாக இருந்ததா என்பதாலேயே அந்த மிச்சம் நிறைய மாறும்.

அலைநீளப் பிழை சின்னது போலத் தெரியும், ஆனால் முடிவையே புரட்டும். கல்சியம் கே கோடு காற்றில் 3933.7 ஆங்ஸ்ட்ரோம், வெற்றிடத்தில் 3934.8. இரண்டையும் மாற்றிப் போட்டால் விநாடிக்கு 85 கிலோமீற்றர் வேகப் பிழை. டெசியும் எஸ்டிஎஸ்எஸும் வெற்றிட அலைநீளம் தருகின்றன. 0.6 சூரியத் திணிவு வெண்குறுமீனின் ஈர்ப்புச் செந்நகர்வு விநாடிக்கு 30 கிலோமீற்றர் வரும். கோடு விண்மீனுடையதா, விண்மீனுக்கும் எங்களுக்கும் இடைவெளியிலுள்ள வாயுவினுடையதா என்பதை ஐதரசன் கோடுகளின் வேகத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். புறஊதாவில் சிலிக்கனின் 1260 கோட்டை நம்பாதீர்கள், இடைவெளி வாயுவும் அதைத் தரும். 1265க்கு அருகிலுள்ளது கிளர்ச்சியுற்ற மட்டத்திலிருந்து வருவது, அதை வைத்து முடிவெடுங்கள்.

தூசித் தட்டு தேடுபவர்களுக்கு ஒரு வரி: வைஸ் அகச்சிவப்புச் செய்மதியின் பிரிதிறன் 6 வில்விநாடி. பின்னால் நிற்கும் விண்மீன் மண்டலம் தூசித் தட்டுப் போல நடிக்கும். மாசு அத்தனை வெண்குறுமீன்களில் இருந்தும் தூசித் தட்டு தெரிவது 1 முதல் 3 சதவீதத்தில்தான், ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு மிகையையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஊர்காவற்றுறை_கலங்கரை:

கடதாசி வேலை.

முதல்ல பெயர். எங்கட ஆக்களுக்கு அப்பாவின்ர பெயர் கடவுச்சீட்டில முன்னால விரிஞ்சு நிக்கும், பட்டச் சான்றிதழில முதலெழுத்தா நிக்கும், கட்டுரையில வேற வடிவம். மூண்டும் ஒரே ஆள்தான் எண்டு மனிதவளப் பிரிவுக்கு விளங்காது. ஓர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) எடுத்துக் கட்டுரைகள் எல்லாத்தையும் அதில இணையுங்கோ. சிவியில கடவுச்சீட்டுப் பெயரைப் போட்டு, கட்டுரைப் பெயர் இது எண்டு ஒரு வரி எழுதுங்கோ. கடிதம் எழுதிறவைக்கும் அதே வடிவத்தைக் குடுங்கோ.

விண்ணப்பிக்கிற நேரம் இளமாணிப் பெறுபேறு பெரும்பாலும் கேக்க மாட்டினம், பதவி கிடைச்ச பிறகுதான் கேப்பினம். யாழ் பல்கலைக்கழகத்தில எடுக்கவேண்டியதை இப்பவே எடுத்து வையுங்கோ. வெளிவிவகார அமைச்சின்ர உறுதிப்படுத்தல் தேவைப்பட்டால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ் மாவட்டச் செயலகத்தில கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் இருக்கு.

பிரித்தானியா எண்டால், இலங்கையில ஆறு மாசமோ அதுக்கு மேலயோ இருந்திட்டு நீண்டகால விசாவுக்குப் போடுறவைக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேணும். அது ஆறு மாசம்தான் செல்லும், முந்தி எடுத்து வைக்கிறதால பயன் இல்லை. உங்கட பதவிக்கு ஏரீஏஎஸ் (சில ஆய்வுத் துறைகளுக்குப் பிரித்தானியா கேக்கிற பாதுகாப்பு அனுமதி) வேணுமோ எண்டு வேலைக் கடிதம் வந்த அண்டைக்கே கேளுங்கோ. அது கிழமைக்கணக்கில எடுக்கும், அது வராமல் விசாவுக்குப் போட ஏலாது. அமெரிக்க ஜே-1 விசா எண்டால் ரெண்டு வருசம் நாட்டுக்குத் திரும்பவேணும் எண்ட நிபந்தனை உங்களுக்கு விழுதோ எண்டு பத்திரத்தில பாத்திட்டுக் கையெழுத்து வையுங்கோ.

நேர்முகம் எல்லாம் இணையத்திலதான். கலிபோர்னியாவில காலை 10 மணி எண்டால் குளிர்காலத்தில எங்களுக்கு இரவு 11.30. ஐரோப்பா ஒக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் மணிக்கூட்டை மாத்தும். அந்த இடைப்பட்ட கிழமையில கனபேர் ஒரு மணித்தியாலம் பிந்திப் போறவை. அழைப்பை உலக நேரத்தில எழுதித் திருப்பி உறுதி கேளுங்கோ. கரண்ட் நிண்டால் ரௌட்டரும் நிக்கும், அதால கைபேசித் தரவைத் தயாரா வையுங்கோ.

கொக்குவில்_வானம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கடப்பு வழியைத்தான் எடுக்கப் போறன். உவர், ஒரு கேள்வி. நானூறு, ஐந்நூறு வெண்குறுமீனில தேடி ஒண்டும் அகப்படாட்டில் அதை முடிவெண்டு விண்ணப்பத்தில போடலாமோ? மற்றது, தரவை இறக்க வீட்டு இணையம் காணுமோ?

தொண்டைமானாறு_உவர்:

போடலாம், நன்றாகச் செய்தால் அதுவே முடிவு. ஆனால் “தேடினேன், இல்லை” என்பதற்கு மதிப்பில்லை. “இருந்திருந்தால் இத்தனை சதவீதம் என் நிரல் கண்டிருக்கும்” என்பதற்குத்தான் மதிப்பு. உண்மையான ஒளிவளைகோட்டில் பொய்க் கடப்புகளைப் புகுத்தி, நிரல் எத்தனையைத் திரும்பப் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். கோளின் ஆரை, சுற்றுக்காலம், விண்மீனின் ஒளிப்பருமன் மூன்றையும் மாற்றி மாற்றிப் புகுத்தவேண்டும். புகுத்துவது போக்கு நீக்கலுக்கு (ஒளிவளைகோட்டின் மெதுவான ஏற்றத்தாழ்வை நீக்குவதற்கு) முன்னால் நடக்கவேண்டும். பின்னால் புகுத்தினால் போக்கு நீக்கல் கடப்பைத் தின்பது உங்களுக்குத் தெரியவே வராது, பிடிப்பு வீதம் பொய்யாக உயரும்.

பிறகு கேத்திரகணித நிகழ்தகவு, அதாவது கோளின் பாதை எங்கள் பார்வைக் கோட்டில் கடப்பாக அமையும் வாய்ப்பு. கோளின் ஆரையையும் விண்மீனின் ஆரையையும் கூட்டித் தூரத்தால் வகுங்கள். பூமியளவு கோள் 0.01 வானியல் அலகில் இருந்தால் அது 1 சதவீதம். ஒன்றும் அகப்படாதபோது 95 சதவீத மேலெல்லை, 3ஐப் பயனுள்ள விண்மீன் எண்ணிக்கையால் (பார்த்த எண்ணிக்கையை நிகழ்தகவாலும் பிடிப்பு வீதத்தாலும் பெருக்கியது) வகுத்தால் வரும். ஆயிரம் விண்மீன் பார்த்து எல்லாவற்றிலும் பிடிப்பு முழுமை என்றாலும் பயனுள்ளவை 10தான், மேலெல்லை 30 சதவீதம். ஐந்நூறு என்றால் 60, அதில் ஒருவருக்கும் பயனில்லை. ஆகவே பூமியளவைக் கைவிட்டு வியாழனளவை எடுங்கள். 0.02 அலகில் நிகழ்தகவு 2.6 சதவீதம், ஆயிரத்துக்குப் பயனுள்ளவை 26, மேலெல்லை 11 முதல் 12 சதவீதம். பிடிப்பு வீதத்தைப் பெருக்கினால் இது இன்னும் தளரும், அதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

பூமியளவை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தூரத்தில் சுற்றுக்காலம் 11 மணி அளவு, கடப்பு 2 நிமிடம்தான். 120 விநாடித் தரவில் அது ஒரு புள்ளி, 20 விநாடித் தரவு இல்லாமல் பேசவே முடியாது. 20 விநாடியில் எடுத்த வெண்குறுமீன்கள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள், 16ஆம் ஒளிப்பருமனுக்கு மேல் மங்கலானவற்றை விட்டுவிடுங்கள்.

இணையம் போதும். 2 நிமிட ஒளிவளைகோடு ஒரு கோப்பு ஓரிரு மெகாபைட்தான், லைட்கேர்வ் நிரற்தொகுதியால் இரவில் இறக்க விடுங்கள். இலக்குப் பட்டியலுக்கு ஜென்டைல் ஃபுசில்லோ குழுவின் 2021 கையா அட்டவணை, அதில் நம்பத்தக்க வெண்குறுமீன்கள் ஏறத்தாழ 3,59,000. நிறமாலைப் பக்கமும் பார்க்க விரும்பினால் டெசியின் முதலாவது பொதுத் தரவு நொய்ர்லாபின் அஸ்ட்ரோ டேட்டா லாப் தளத்தில் இருக்கிறது. இலவசக் கணக்குத் திறந்தால் ஜுபிட்டர் குறிப்பேட்டை அவர்களுடைய கணினியிலேயே ஓட்டலாம், இறக்கவே தேவையில்லை.

வடமராட்சி_வால்வெள்ளி:

ஒண்டைச் சேர்க்கிறன். இந்தப் பிடிப்பு வரைபடம் (எந்த ஆரை, சுற்றுக்காலத்துக்கு நிரல் எத்தனை சதவீதம் பிடிக்குது எண்ட படம்) செப்டெம்பர் கடைசிக்குள்ள ஒரு பக்கமா வந்திட்டுதெண்டால், விளம்பரம் போட்ட ஆய்வாளருக்கு விண்ணப்பத்துக்கு முதலே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கோ. 150 சொல்லுக்கு மேல வேண்டாம்: ஆர் நீங்கள், எப்ப பட்டம் முடியும், இந்த வரைபடம், அவையின்ர திட்டத்தில எந்தப் பகுதியில அது உதவும். “உங்களிட்ட இடம் இருக்கோ” எண்டு மட்டும் எழுதாதேங்கோ. ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி நேரத்துக்கான விண்ணப்பமும் கடந்த சுற்றுகளில ஒக்டோபரில தான் முடிஞ்சது, அந்தக் கிழமை ஒருத்தரும் பதில் எழுத மாட்டினம். அதுக்கு முதல் அனுப்புங்கோ. பத்து நாளில பதில் இல்லாட்டில் ஒருக்கால் மட்டும் ஞாபகப்படுத்துங்கோ, அதுக்குப் பிறகு நேரடியாப் பதவி விண்ணப்பத்தைப் போட்டிடலாம். நிரலைக் கிட்ஹப்பில வைச்சு முகவரியைச் சிவியில போட மறக்காதேங்கோ. போக்கு நீக்கல் சாளரத்தின்ர அகலம் என்ன எண்டு நிரலிலயே எழுதியிருக்கட்டும், நேர்முகத்தில அதைத்தான் கேப்பினம்.